பழைய ஏ8-7600க்கு எது துணை: ஆர்7 250ஆ, ஜிடிஎக்ஸ் 750 டிஐயா, இன்னொரு ராமா?

சித்தி பையனிடம் இருப்பது பத்து வருஷத்துக்கு மேல் பழசான கம்ப்யூட்டர். ஏஎம்டி ஏ8-7600 ப்ராசஸர், ஒரே ஒரு 8 ஜிபி ராம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினான். போன வாரம் போன் செய்தான். செகண்ட் ஹேண்டில் ஆர்7 250 என்ற ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கிடைக்கிறதாம். “அண்ணா, உள்ள இருக்கிறதும் இந்தக் கார்டும் சேர்ந்து ஓடும்னு கடையில சொன்னாங்க. கேம் ரெண்டு மடங்கு வேகமா வரும்ல?”

சேர்ந்து ஓடும் என்பது உண்மை. ரெண்டு மடங்கு என்பதில்தான் இடிக்கிறது.

ஏஎம்டி இதற்கு வைத்த பெயர் டூயல் கிராஃபிக்ஸ். 2011இல் வந்த லானோ ப்ராசஸர்களிலேயே இது இருந்தது. இவனுடைய ஏ8-7600 அதற்கு அப்புறம் 2014இல் வந்த காவேரி வரிசை. ஆமாம், நம்ம காவிரிதான். அப்போது ஆறுகளின் பெயரையே வைத்துக்கொண்டிருந்தார்கள். காவேரிக்கு ஜோடியாக ஏஎம்டி சொன்னவை ஆர்7 240, ஆர்7 250 என்ற இரண்டு சின்னக் கார்டுகள். காகிதத்தில் பார்த்தால் பொருத்தம் பிரமாதம்: ஏ8-7600க்குள் 384 ஷேடர்கள் (படம் வரையும் சின்னச் சின்னக் கணக்கு யூனிட்டுகள்), ஆர்7 250இலும் அதே 384.

சிக்கல் வேலையைப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை) உள்ளே இருப்பது வரையும், அடுத்ததைக் கார்டு வரையும். முறை வைத்து மாறி மாறி. ஷேடர் எண்ணிக்கை ஒன்றானாலும் கார்டின் வேகம் 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொடும். உள்ளே இருப்பது 720தான். ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி உள்ள கார்டாக இருந்தால் அது நொடிக்கு 70 ஜிபிக்கு மேல் கொடுக்கும். உள்ளே இருப்பதற்கோ தனி மெமரியே இல்லை, ப்ராசஸரோடு சேர்ந்து சாதா ராமைத்தான் பங்கு போட வேண்டும். இரண்டு தோசைக்கல், ஒன்றில் நல்ல தீ, மற்றதில் மந்தமான தீ. ஆனால் இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்றுதான் பரிமாறுவேன் என்றால் இலையில் உட்கார்ந்தவன் கதி என்ன?

கணக்காகவே பார்க்கலாம். நொடிக்கு 40 ஃபிரேம் என்றால் சராசரியாக 25 மில்லிசெகண்டுக்கு ஒன்று வர வேண்டும். ஒன்று 8இலும் அடுத்தது 42இலும் வந்தாலும் சராசரி அதேதான். மூலையில் ஓடும் எண் 40 என்று பெருமையாகக் காட்டும். கண்ணுக்கு 24 மாதிரி இழுக்கும். இந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு டூயல் கிராஃபிக்ஸுக்கு வந்தது 2014 தொடக்கத்தில், கார்டை இயக்கும் சாஃப்ட்வேரான கேட்டலிஸ்ட் 14.1 பீட்டா டிரைவரோடு. அதற்குப் பிறகும் டிரைவர் கைகொடுக்கும் கேம்களில், அதுவும் முழுத்திரையில் ஓடும்போதுதான் பலன். இரண்டு மெமரியும் கூடிப் பெரிதாவதும் இல்லை, ஒரே சரக்கை இரண்டு பக்கமும் வைத்திருக்க வேண்டும். ரைசன் என்ற புது ப்ராசஸர் வரிசை வந்தபோது ஏஎம்டியே இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இவனுடைய தலைமுறைக்கு 2021 ஜூனோடு வழக்கமான டிரைவர் அப்டேட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கு இதற்காகவே கார்டு வாங்குவது, ஓடாத பஸ்ஸுக்குப் பாஸ் எடுப்பது மாதிரி.

அடுத்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. இதுவும் 2014தான், ஆனால் ஆள் வேறு. 640 கோர், நொடிக்கு 86 ஜிபி மெமரி வேகம், மின்சாரம் 60 வாட்தான். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் வேண்டியதில்லை. கேம் முழுவதையும் இந்த ஒரே கார்டு பார்த்துக்கொள்ளும், முறை மாற்றும் வம்பு இல்லை. குறை என்று கேட்டால், ப்ராசஸர் கொஞ்சம் பின்தங்கும். ஏ8-7600இன் நான்கு கோர்களும் அந்தக் காலத்திலேயே சுமார்தான். ஆனாலும் ஆர்7 250ஐயும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். (ஜிடி 730 என்று யாராவது நீட்டினால் மட்டும் உஷார். அதே பெயரில் 64 பிட் டிடிஆர்3 கார்டும் உண்டு; அதன் மெமரி வேகம் நொடிக்கு 14 ஜிபி சொச்சம்தான்.)

750 டிஐ போட்டால் உள்ளே இருப்பது வீணா என்றால், இல்லை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) அதை அணைக்காமல் விட்டால் இரண்டாவது மானிட்டரை அதில் மாட்டலாம், வீடியோ ரெக்கார்டிங்கை அதன் தலையில் கட்டலாம். பழைய இன்டெல் ஐ5 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நல்ல வழி: கேம் கார்டில் ஓட, ஓபிஎஸ் என்ற சாஃப்ட்வேரின் ரெக்கார்டிங்கை இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் க்விக் சிங்க் என்ற வீடியோ வசதி பார்த்துக்கொள்ளும். ஒரே ஃபிரேமுக்காக இரண்டையும் மல்லுக்கட்ட விடாமல் ஆளுக்கொரு வேலை கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த கூட்டணி. ஒன்று மட்டும்: கேம் ஓடும் மானிட்டரின் கேபிளை கார்டில் மாட்டுங்கள். நானே ஒருமுறை கார்டைப் போட்டுவிட்டு கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகி, “கார்டு டூப்ளிகேட்” என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் புலம்பியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஒற்றை ராம். 1600 வேக டிடிஆர்3 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி. அதே வேகத்தில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் 25.6. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பட்டினி கிடப்பதே இங்கேதான். கடையில் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 2133 ராம் இன்னும் நல்லது, ஆனால் பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். செலவு மிகக் குறைவு, வயர் வேலை கிடையாது, நாளைக்கு கார்டு வாங்கினாலும் இந்த ராம் வீணாகாது.

முதலில் ராம், கேம் அப்போதும் இழுத்தால் 750 டிஐ, ஆர்7 250 வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராம் வாங்கிப் போட்டான். ஜிடிஏ 5இல் வண்டியைத் திருப்பும்போது விக்கிக்கொண்டிருந்த படம் இப்போது ஒழுங்காக வருகிறதாம். திங்கட்கிழமையே 750 டிஐ எவ்வளவு என்று கேட்டான். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் பேசலாம் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.