ஒரு செல்போன், இரண்டு பிள்ளைகள்: பள்ளி மூடிய நாட்களில் எந்த வழி வீட்டுக்கு ஒத்துவந்தது?

மழைக்காலத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவித்த செய்தி தொலைக்காட்சியில் ஓடி முடிவதற்குள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு செய்தி வந்துவிடுகிறது: “காலை 9.30 முதல் ஆன்லைன் வகுப்பு.” அதைப் படித்ததும் எனக்கு 2020 நினைவுக்கு வரும். அந்த மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஏறக்குறைய 19 மாதம். அப்போது மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கணவருக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரடங்கிலும் விடுப்பு கிடையாது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலை எட்டு மணிக்கு அவரோடு கிளம்பி, இரவு எட்டரைக்குத்தான் திரும்பும்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் எல்லா வழியையும் பார்த்துவிட்டோம். எதில் பாடம் அதிகம் ஏறியது என்பதோடு, பாடம் முடிந்தபின் வீட்டில் மிச்சம் என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் நேரலை வகுப்பு. இதற்காகவே ஆறாயிரம் ரூபாய் கடன் வாங்கிப் பழைய போன் ஒன்று வாங்கினோம். நேரலையில் ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சந்தேகம் கேட்கலாம், தோழிகளின் முகம் தெரியும். மகளுக்கு அந்த முகங்கள் மருந்துபோல இருந்தன. மகனுக்கோ இருபது நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்புக்குமேல் கூடாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம்தான் என்று சொன்னது. நடைமுறையில் எங்களுக்கு நான்கு வகுப்பு வந்தது. ஒரே போனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் யாராவது ஒருவர் அழத்தான் வேண்டும். வகுப்பு நடக்கும் அறையில் மிக்ஸி ஓடக் கூடாது, பாட்டி இருமக் கூடாது. பகல் முழுக்க வீடு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

பதிவுசெய்த வீடியோவும் வாட்ஸ்அப் வீட்டுப்பாடமும் இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் அல்லவா? ஆனால் ‘எப்போது வேண்டுமானாலும்’ என்றது எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணியாகிவிட்டது. அப்பா சாப்பிட உட்காரும் நேரத்தில் மகள் வீடியோ பார்ப்பாள், நான் மகனின் நோட்டைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருப்பேன். கல்லா வரவைச் சரிபார்த்த களைப்போடு வந்தவர் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். இருந்த வழிகளிலேயே எங்கள் குடும்ப நேரத்தை அதிகம் தின்றது இதுதான். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்வித் தொலைக்காட்சி எனக்கு எதிர்பாராத துணை. தமிழக அரசு அதைத் தொடங்கியது 2019 ஆகஸ்டில், தொற்றுக்கு முன்பே. அட்டவணைப்படி பாடம் வரும், முடியும், அவ்வளவுதான். டேட்டா செலவில்லை, போனும் தேவையில்லை. குறையும் உண்டு: கேள்வி கேட்க முடியாது, மின்சாரம் போனால் பாடமும் போயிற்று. மகளின் புத்தகம் ஆங்கிலத்தில், டிவியில் பாடம் தமிழில். அது இடைஞ்சல் என்று நினைத்தோம். ‘ஒளிச்சேர்க்கை’ என்று காதால் கேட்டபிறகுதான் புத்தகத்தில் இருந்த சொல் அவளுக்குப் பிடிபட்டது. டிவி கூடத்தில் இருப்பதால் மாமியாரும் உட்கார்ந்து பார்ப்பார். விதை முளைப்பதைப் பற்றிய பாடம் ஒருநாள் ஓடியது. மறுநாள் காலையில் பச்சைப்பயறைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். “இதைத்தானே நேற்றுப் படம் போட்டுக் காட்டினார்கள்?” என்று மகன் கையில் கொடுத்தார். முளையின் நுனியை அவன் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மாலையில் அதுவே சுண்டலாயிற்று.

நானே சொல்லிக் கொடுத்தது நான்காவது வழி. இதில்தான் நான் அதிகம் தவறினேன். 52இலிருந்து 27ஐக் கழிக்க, “பக்கத்தில் கடன் வாங்கு” என்றேன். “கடன் இல்லை அம்மா, இனமாற்றம். டீச்சர் அப்படித்தான் சொன்னார்” என்றான். பத்துகளைப் பிரித்து ஒன்றுகளாக்குவதைத்தான் இப்போதைய புத்தகம் அப்படிச் சொல்கிறது. எனக்கு அது தெரியவில்லை, தெரியாததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. குரல் உயர்ந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் அம்மாவாகவே இருங்கள்” என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு கணக்குப் பாடத்துக்குக் காலையில் நாற்பது நிமிடம் மட்டும் ஒதுக்கினேன். முதலில் நான் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் அவனை அழைப்பேன். இந்த எல்லைக்குள் நின்றால் இது நல்ல வழி. நாள் முழுக்க இழுத்தால் தாய் போய் வாத்தியார் மட்டும் மிஞ்சுவார்.

பாடமே வேண்டாம், வீட்டு வேலையிலும் விளையாட்டிலும் கற்கட்டும் என்ற கட்சியும் உண்டு. சின்னவனுக்கு அதில் பாதி உண்மை. பல்லாங்குழியில் சோழி எண்ணி அவன் மனக்கணக்கு வளர்ந்தது. ஏழாம் வகுப்பு இயற்கணிதம் பல்லாங்குழியில் வராது.

கட்டணம் கட்ட முடியாமல் 2021இல் மகனை அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அந்த ஆண்டு அப்படி மாறிய குடும்பங்கள் தமிழகமெங்கும் ஏராளம். அக்டோபர் கடைசியில் முதல்வர் ஸ்டாலின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலையில், வீட்டுக்கு அருகிலேயே வகுப்பு. எங்கள் தெருவில் பட்டம் முடித்த ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் நடத்தினாள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. மாலை நேரம் போகிறதே என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஏழு மணிக்கு அவன் திரும்பும்போது பாடம் அங்கேயே முடிந்திருக்கும். அன்று நடந்ததைச் சொல்ல வாயெல்லாம் கதையோடு வருவான். பாடம் திண்ணையோடு நின்றது, இரவு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் தேர்வு: காலையில் கணக்கும் மொழியும் புத்தகத்தோடு நாற்பது நிமிடம், நேரத்துக்கு முடியும் ஒரு தொலைக்காட்சிப் பாடம், தெருவில் நல்ல மாலை வகுப்பு இருந்தால் அதுவும். விளக்கு வைத்தபின் பள்ளி விஷயம் எதுவும் வேண்டாம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு இது பொருந்தாது. அங்கே சந்தேகம் தீர்க்க நேரலைதான் வேண்டும், அதற்காக வீடு கொஞ்சம் மூச்சை அடக்கலாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை நாற்பது நிமிடம் கிடைக்காது. அவர்களுக்கும் மாலை வகுப்பே கைகொடுக்கும்.

மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற மழை விடுமுறையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு இயற்பியல் வகுப்பில் இருந்தாள். ஏழாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கு மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடப் பட்டியல் வந்தது. “நாளை காலை செய்து அனுப்புகிறோம், டீச்சர்” என்று எழுதினேன். “சரி, அம்மா” என்று பதில் வந்தது. அன்று நான்கு பேரும் சேர்ந்து அடை சாப்பிட்டோம்.