லோட்டஸ் 23 பின் சஸ்பென்ஷன்: ரோஸ் ஜாயிண்டா, ரப்பர் புஷ்ஷா?

1962-இல் வந்த லோட்டஸ் 23 போன்ற பந்தயக் காரைச் சாலையில் ஓட்ட நினைத்தால் பின் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் எதைப் போடுவது என்ற கேள்வி வந்தே தீரும். ரோஸ் ஜாயிண்டில் உலோகப் பந்து ஒன்று உலோகக் கிண்ணத்துக்குள் ஆட்டமில்லாமல் பொருந்தித் திரும்புகிறது. சக்கரத்தின் கோணம் அசையாது, அந்தத் துல்லியம் அருமையானது. ஆனால் மணலும் மழைநீரும் புகுந்தால் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். ரப்பர் புஷ், அதாவது மூட்டில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் உருளை, குழிகளின் அடியை வாங்கிக்கொள்ளும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் நெளியும்.

என் தேர்வு இரண்டும் கலந்தது. குழியின் அடி பெரும்பாலும் முன்பின்னாக வருவதால் ரேடியஸ் ஆர்மின் (சக்கரப் பகுதியிலிருந்து முன்னோக்கிச் சட்டத்துக்குப் போகும் நீளக் கம்பி) முன்முனையில் கெட்டியான ரப்பர். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கைகளில் உறை மாட்டிய ரோஸ் ஜாயிண்ட்.

அப்புறம், காரை ஜாக்கியில் தூக்கி வைத்து ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள். கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து கிழிந்துவிடும்.