யானையின் கருக்காலம்: வெள்ளவத்தையில் ஒரு கட்டண விரிவுரை

வெள்ளவத்தையில் தனியார் கல்வி நிலையம் ஒன்று, வளர்ப்பு யானைகளின் இனப்பெருக்க ஓமோன்கள் பற்றித் தமிழில் நடத்தும் இரண்டு மணிநேர விரிவுரை, கொடுத்த கட்டணத்துக்குத் தகுதியானதே.

விரிவுரையின் உயிர்ப்பான பகுதி முதல் மணிநேரம்தான். யானையின் இனப்பெருக்கச் சுழற்சி 13 முதல் 18 வாரங்கள் வரை நீடிப்பதையும், அதில் முட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஓமோன் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் இருமுறை உச்சமடைவதையும், இரண்டாவது உச்சத்தின்போதே முட்டை வெளியேறுவதையும், ஆகவே முதல் உச்சத்தை இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தால் செயற்கைக் கருவூட்டலுக்குரிய நாளை முன்கூட்டியே குறிக்கலாம் என்பதையும் விரிவுரையாளர் வரைபடத்தில் படிப்படியாகக் காட்டினார். சுமார் 22 மாதக் கருக்காலத்தின் இறுதியில் கருவைத் தக்கவைக்கும் புரோஜெஸ்ரரோன் வகை ஓமோன்கள் சடுதியாக வீழ்ந்தால், பெரும்பாலும் சில நாட்களுக்குள் பிரசவம் நிகழும் என்ற விளக்கமும் தெளிவாக இருந்தது. சாணத்திலும் சிறுநீரிலும் இவற்றை அளக்கலாம் என்றபோது பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள்; ஊசியின்றி யானையை அணுக அதைவிட நல்ல வழி ஏது?

பின்னவலை யானைகள் அநாதை இல்லத்தில் 1984இல் முதற்கன்று பிறந்ததும், 2021இல் இரட்டைக் கன்றுகள் பிறந்ததும் ஒரே படத்தோடு கடந்துபோனது பெருங்குறை. இலங்கை வாசகருக்கு அதுவே நெருக்கமான பகுதி. அச்சிட்ட குறிப்பேட்டில் வரைபடங்கள் மங்கலாக உள்ளன. உயர்தர உயிரியல் மாணவர்கள் தயங்காமல் செல்லலாம். சிறுவர்களை அழைத்துச் செல்வதானால் தெகிவளை மிருகக்காட்சிசாலையே மேல்.