மேசையடி நடைமெஷின்: கியூர்பிப் மழைக்கு வாங்கியது

மொரீஷியஸில், எபென் சைபர்சிட்டியில் ஃபண்ட் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எக்செல்தான். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மெட்ரோவில் ரோஸ்ஹில் வந்து, மாறி, கியூர்பிப்பில் இறங்கினால் மழை. த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றியிருக்கும் சாலையில் நடப்பதைவிட நல்ல உடற்பயிற்சி இந்த ஊரில் இல்லை, காசும் கிடையாது. ஆனால் மேடு முழுக்க மூட்டமாக இருக்கும்போது யார் போவது? வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களுக்காக, மேசைக்கடியில் போட்டு நடக்கும் ஒரு வாக்கிங் பேட் வாங்கிப் போட்டேன்.

பிராண்ட் பெயர் சொல்லிப் பயனில்லை, ஒரே மெஷின் பல பெயரில் வருகிறது. விலை 15,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. மொரீஷியஸ் ரூபாய், இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கைப்பிடி கிடையாது, ரிமோட்தான் எல்லாம். வேகம் மணிக்கு 1 முதல் 6 கிலோமீட்டர். கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம், ஆனால் மாடிக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

முதல் தலைவலி பிளக். நம் வீட்டுச் சுவரில் பிரிட்டிஷ் மூன்று முனை, பெட்டியில் வந்தது ஐரோப்பிய உருண்டை முனை. கூடவே கடைக்காரர் போட்டுக்கொடுத்த மலிவு அடாப்டரில் எர்த் இணைப்பே இல்லை. வெறுங்காலோடு நின்று ஓரத்து இரும்பைத் தொட்டால் சுருசுருவென்று ஏறும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயரில் மூன்று முனை பிளக்கையே மாட்டச் சொன்னேன், அதோடு நின்றது. நீங்கள் வாங்கினால் நடப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது சத்தம். மோட்டார் சாதுதான், மிக்ஸி மாதிரியெல்லாம் கத்தாது. காலடிதான் கான்கிரீட் வழியே கீழே இறங்குகிறது. கிரியோலுக்கு நடுவே தமிழைக் கோத்துப் பேசும் கீழ்வீட்டுத் தாந்தீன் (அத்தை என்று அர்த்தம்) படியேறி வந்து, "என்னம்மா, மேலே காவடி ஆட்டமா?" என்றார். தடித்த ரப்பர் பாய் போட்ட பிறகு அவர் வரவில்லை.

இனி வேலை. 2 கிலோமீட்டர் வேகத்தில் மின்னஞ்சல் அடிக்கலாம், மீட்டிங் கேட்கலாம். மூன்றைத் தொட்டால் மவுஸ் பக்கத்துக் கட்டத்தில் போய் விழுகிறது. பேங்க் ரிகன்சிலியேஷனை, அதாவது வங்கிக் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை, நடந்துகொண்டு செய்யவே கூடாது, அதற்கு நாற்காலிதான். மேசை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும், திரை கண் மட்டத்தில். லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தால் இடுப்பு வலியைக் கழுத்துக்கு மாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

விளம்பரம் ஒரு விஷயத்தை மறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மிதமானது என்றால் மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச வரும், பாட வராது. 2 கிலோமீட்டர் ஊர்வலம் அந்தக் கணக்கில் சேராது. எனக்கு அதற்கு லேப்டாப்பை மூடிவிட்டு 5-இல் வைத்து நடக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக மெதுநடை வீண் என்று சொல்லமாட்டேன். 1953-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் லண்டன் மாடி பஸ்களில் பார்த்தது இதுதான்: நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் இந்தத் தீவில் அது பெரிய விஷயம். மதியம் தால் பூரி உள்ளே போனதும் நான் மெஷினில் ஏறிவிடுகிறேன். திரையில் தெரியும் கலோரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என் எடையைக் கேட்காத மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?

பராமரிப்பு சிரமமில்லை. பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெய். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள இடது போல்ட்டைக் கால் சுற்று வலஞ்சுழியாகத் திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். இங்குள்ள ஈரத்துக்கு ஸ்க்ரூ தலைகள் சீக்கிரமே துருப்பிடிக்கின்றன, துடைத்து வையுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ரிமோட் தொலைந்தால் வேறு கிடைக்குமா, மாற்று பெல்ட் வைத்திருக்கிறார்களா என்று கடையில் கேளுங்கள். சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால் விலையைப் பேசிக் குறையுங்கள். காத்ர் போர்ன் ஊருக்குக் கீழே, வெயில் காயும் பக்கம் வீடு இருந்தால் வாங்கவே வேண்டாம், நல்ல ஷூ போதும்.