விலையுயர்ந்த சுங்கானுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கையால் செய்யப்பட்ட, விலை மிக அதிகமான பிரையர் மரச் சுங்கான் (புகையிலை புகைக்கும் குழாய்) ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொழிற்சாலையில் செய்யப்பட்ட சாதாரணச் சுங்கான்களும் என்னிடம் இருப்பதால், இரண்டையும் மாற்றி மாற்றிப் புகைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய அவகாசம் கிடைத்தது. இந்த ஒன்றுக்குக் கொடுத்த தொகையில் நல்ல தொழிற்சாலைச் சுங்கான்கள் பத்துக்கு மேல் வாங்கியிருக்கலாம். அப்படியிருந்தும் சேகரிப்பாளர்கள் ஏன் அந்தப் பத்தை விட்டுவிட்டு ஒன்றை நாடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தப் பணத்தில் சிறு பங்கு புகையின் சுவைக்கும், கணிசமான பங்கு வாய்க்குழலின் சுகத்துக்கும், பெரும்பங்கு இன்னொரு முறை கிடைக்காத ஒரு மரத்துண்டுக்கும் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் வராது.

முதலில் மரம். பிரையர் என்பது மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பகுதிகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடிக்கட்டை. கோர்சிகா, சார்டீனியா, கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா ஆகிய இடங்களின் கல்லும் வறட்சியும் நிறைந்த சரிவுகளில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் உருண்டு திரளும் இந்தக் கட்டை, சுங்கான் செய்யும் அளவுக்குப் பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அடர்த்தியும் நெருப்பைத் தாங்கும் தன்மையும் ஒருசேர அமைந்த மரம் என்பதால்தான், பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சான் க்ளோட் நகரம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதை நம்பிச் சுங்கான் தொழிலில் பேர் பெற்றது. தோண்டி எடுத்த கட்டையை வெட்டி, பல மணி நேரம் வேகவைத்துச் சாற்றை வெளியேற்றி, பிறகு மாதக்கணக்கில், சில பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில், மெதுவாக உலரவிடுகிறார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

இவ்வளவு பக்குவப்படுத்திய கட்டைக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. கல்லிடுக்கில் வளர்ந்த கட்டைக்குள் சிறு குழிகளும், சில சமயம் மணற்துகளும் ஒளிந்திருக்கும். கைவினைஞர் நாள் முழுவதும் உழைத்து வடிவம் எடுத்துவிட்டு, கடைசியாக மெருகேற்றப்போகும் நேரத்தில், புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் நெற்றியில் ஒரு கருங்குழி கண்ணில் படலாம். தொழிற்சாலையானால் அதை மக்குப் பசையால் அடைத்து, மேலே அடர்ந்த சாயம் பூசி விற்றுவிடும். அதில் புகைப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. உயர்தரச் சுங்கான் செய்பவர் அந்தத் துண்டை ஒதுக்கிவைப்பார், அல்லது தரம் குறைத்து விற்பார். ஆகவே, குறையில்லாமல் கைக்கு வந்து சேரும் ஒரு சுங்கானின் விலைக்குள், வழியில் விழுந்துபோன அத்தனை துண்டுகளின் கூலியும் அடங்கியிருக்கிறது. விலையைப் பார்த்து மலைப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத செலவு இது.

அடுத்தது இழை. கட்டையின் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி இழைகள் விரிந்து ஓடுகின்றன. அவை கிண்ணத்தின் பக்கங்களில் அடிமுதல் விளிம்புவரை வளையாமல் நேராக ஏறினால் அதை ஸ்ட்ரெய்ட் கிரெயின் என்பார்கள். அதே இழைகளின் முனைகள் மேற்பரப்பில் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பேர்ட்ஸ் ஐ. ஒரே கட்டையில் இரண்டும் உரிய இடத்தில் அமைய வேண்டுமென்றால் வடிவம் இழைக்கு வளைந்து கொடுக்க வேண்டும். கோபன்ஹேகனில் பட்டறை வைத்திருந்த ஸ்வீடன்காரர் சிக்ஸ்டன் ஈவார்சன் (1910–2001) இந்தத் தொழிலை மாற்றியமைத்தது இந்த இடத்தில்தான். முதலில் துளையிட்டு அதைச் சுற்றி வடிவம் செதுக்குவது வழக்கமாக இருந்தபோது, அவர் இழையைப் பார்த்து வடிவத்தைச் செதுக்கிவிட்டுப் பிறகு துளையிட்டார். அவர் மகன் லார்ஸ், பேத்தி நன்னா, ஸ்வீடனின் மால்மோவில் இருந்து வேலை செய்த போ நூர்த், ஜப்பானின் சுகே நிறுவனத்துக் கைவினைஞர்கள் என்று அந்த வழி நீண்டது. என்னிடம் உள்ள சுங்கானும் அந்த வழியில் பயின்ற ஒருவர் செய்ததுதான். அதன் இடப்பக்கத்தில் இழைகள் மயிரிழை பிசகாமல் மேலேறுகின்றன. வலப்பக்கத்தில் கட்டைவிரல் படியும் இடத்தருகே மட்டும் அவை சற்றுச் சாய்ந்து, விளிம்பை நெருங்கும்போது மறுபடி நிமிர்கின்றன. மிகக் கறாரான சேகரிப்பாளர் அதைக் குறையாகச் சொல்வார். எனக்கு அந்தச் சாய்வுதான் மிகவும் பிடித்த பகுதி.

இனி, பலரும் கேட்கும் கேள்வி: இதில் புகை சுவையாக இருக்கிறதா? இழை எப்படி ஓடினாலும் சுவை மாறுவதாக என் அனுபவத்தில் தெரியவில்லை. சுவையைத் தீர்மானிப்பவை மரத்தின் பக்குவமும் துளையின் நேர்த்தியும்தான். புகைத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நட்டநடுவில் வந்து திறக்க வேண்டும். வாய்க்குழலின் செருகுமுனை, கிண்ணத்திலிருந்து நீளும் காம்பின் துளைக்குள் கடைசிவரை போய் உட்கார வேண்டும். இடையே வெற்றிடம் இருந்தால் புகையின் ஈரம் அங்கே தேங்கி, பாதியிலேயே களகளவென்று சத்தம் எழும். என் சுங்கானில் வாய்க்குழலைக் கழற்றாமலே பைப் கிளீனரை, அதாவது துளையைத் துடைக்கும் மெல்லிய கம்பியை, விட்டால், எங்கும் இடறாமல் கிண்ணத்தின் அடியில் போய் எட்டிப்பார்க்கிறது. புகையிலை கடைசிவரை வறண்டு எரிகிறது. ஆனால் நன்றாகத் துளையிட்ட தொழிற்சாலைச் சுங்கான் ஒன்றும் என்னிடம் இதே போலத்தான் நடந்துகொள்கிறது. வேறுபாடு உறுதியில்தான் இருக்கிறது: அங்கே நல்ல துளை அமைவது வாய்ப்பைப் பொறுத்தது, இங்கே அது நிச்சயம். புகையிலையின் கெடுதல் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் வரும் ஆபத்தை எந்த விலையுயர்ந்த சுங்கானும் குறைப்பதில்லை.

கொடுத்த விலை ஒவ்வொரு முறையும் உணர்வில் படுவது வாய்க்குழலில்தான். தொழிற்சாலைச் சுங்கான்களுக்குப் பெரும்பாலும் அச்சில் வார்த்த வாய்க்குழலைப் பொருத்திவிடுகிறார்கள். கைவினைஞர் எபனைட் கோலை, அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரை, அரத்தால் ராவி ராவி மெலிதாக்குகிறார். பல்லில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் புகை தடையின்றி வரும்படி துளையை முனையில் விசிறிபோல் அகட்டியிருப்பார். பல்லுக்குப் பின்னால் நிற்கும் மேடு நாவில் உறுத்தாது. எபனைட் அக்ரிலிக்கைவிட மென்மையானது என்பதால் பல்லுக்கு இதமாக இருக்கிறது. சுங்கானும் எடை குறைந்தது. புத்தகம் படித்துக்கொண்டே வாயில் வைத்திருந்தால் தாடை வலிப்பதில்லை. சாதாரணச் சுங்கானைக் கையில் எடுக்கும் நாளில்தான் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது.

அந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. எபனைட் வெளிச்சத்தில் பழுப்பேறும்; நாளடைவில் பச்சை கலந்த மங்கல் நிறமும், கந்தக வாடையும், கசப்பும் வரும். அடிக்கடி துடைத்து, அவ்வப்போது மெருகேற்றினால்தான் கறுப்பு நிலைக்கும். என் சுங்கானின் மேட்டருகே மெல்லிய பல்தடம் பதிந்திருக்கிறது. இந்தத் தொல்லை வேண்டாதவர்கள் அக்ரிலிக் வாய்க்குழலைத் தேர்ந்தெடுக்கலாம். இத்தாலியின் காஸ்டெல்லோ நிறுவனம் உயர்தரச் சுங்கான்களுக்கே அதைத்தான் பயன்படுத்துகிறது. கிண்ணத்தைப் பொறுத்தவரை, புகைத்த பின் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்து, உள்ளே கரிப்படிவு ஒரு மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டாமல் சுரண்டிவருகிறேன். வாங்கியபோது வெளிறிய தேன் நிறத்தில் இருந்த மரம் இன்று செம்பழுப்பாகக் கனிந்திருக்கிறது. இழைகளுக்கு இடையிலான நிற வேறுபாடும் கூடியிருக்கிறது. சாயம் பூசி மறைத்த தொழிற்சாலைச் சுங்கான்களில் இந்த முதிர்ச்சியை நான் கண்டதில்லை.

சேகரிப்பாளர்களை இழுக்கும் இன்னொரு விசை வரலாறு. லண்டனின் டன்ஹில் நிறுவனம் வாய்க்குழலில் பதித்த வெண்புள்ளியும், அல்ஜீரிய பிரையரை மணல்வீச்சால் (மேற்பரப்பில் மணலை வேகமாக வீசி) செதுக்கி 1917-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஷெல் வகையும், சுங்கான் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று காட்டும் எண்முத்திரைகளும் பழைய சுங்கான்களைத் தேடுவோருக்குப் பாடம்போல மனப்பாடம். முத்திரை தேயாமல் இருந்தால் மதிப்பு ஏறும், தேய்ந்தால் இறங்கும். போ நூர்த் ஆண்டுக்கு மிகச் சில சுங்கான்களையே செய்தார்; 2006-ல் அவர் மறைந்த பிறகு எண்ணிக்கை கூட வழியில்லை, விலை மட்டும் கூடுகிறது. ஒரு முறைகூடப் புகைக்காத சுங்கானுக்கே சந்தையில் அதிக மதிப்பு என்பதால், சிலர் வாங்கி அப்படியே பூட்டிவைக்கிறார்கள். அவர்கள் விருப்பம்தான், ஆனாலும் அத்தனை உழைப்போடு ராவிய வாய்க்குழலை ஒருவரும் பல்லில் பிடிக்காமலே விட்டுவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்று வாங்குவதானால், அதே கைவினைஞரின் மணல்வீச்சுச் சுங்கானைத்தான் வாங்குவேன். சிறு குழிகளை மணல்வீச்சு மறைத்துவிடும் என்பதால் அவர் அதற்கு வழவழப்பான நேரிழைச் சுங்கானைவிடக் குறைவாகவே விலை வைக்கிறார். துளையும் வாய்க்குழலும் அதே கையால், அதே கவனத்துடன் செய்தவைதான். இழையின் அழகுக்காகப் பணம் கொடுக்க மனம் இல்லாதவர்களும், முதல் முறையாக உயர்தரச் சுங்கான் வாங்குபவர்களும் அங்கிருந்து தொடங்கலாம். வாங்குமுன் வாய்க்குழலை மெதுவாகச் சுழற்றிக் கழற்றிப் பார்க்க வேண்டும்: பிடி கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும், திரும்பப் பொருத்தியதும் காம்போடு சேரும் கோட்டில் நகம் இடறக் கூடாது.