எரிசக்தித் துறையை நோக்கிப் படிப்பவர்களுக்கு எந்த உதவித்தொகை பொருந்தும்?

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, மணலியின் சுத்திகரிப்பு ஆலை, கூடங்குளத்தின் அணு உலைகள், முப்பந்தலின் காற்றாலைகள், கமுதியின் சூரிய மின் நிலையம் என எரிசக்தித் துறையின் ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் வேலைக்குச் செல்லும் எண்ணத்துடன் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு உதவித்தொகைகளும் பல உள்ளன. அவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் தொகையின் அளவை வைத்தே வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசை மாணவருக்கு அதிகம் உதவாது. பணம் படிப்பின் எந்தக் கட்டத்தில் வருகிறது, அதைப் பெற என்ன தகுதி வேண்டும், பெற்ற பின் அது எதைத் திருப்பிக் கேட்கிறது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் வரிசை பெரிதும் மாறிவிடுகிறது. எரிசக்தி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய உதவித்தொகை அந்தத் துறைக்குள் அழைத்துச் செல்வதில்லை என்பதும், துறைக்குள் நேராக அழைத்துச் செல்லும் திட்டத்தை யாரும் உதவித்தொகை என்று அழைப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இளநிலைப் படிப்பிலிருந்து தொடங்கலாம். இந்தக் கட்டத்தில் முதலில் பேசப்படுவது, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் உதவித்தொகைதான். காவிரிப் படுகையில் அந்த நிறுவனத்தின் பெயரை எடுத்தாலே விளைநிலங்களில் எண்ணெய் எடுப்பது பற்றிய விவாதம் தொடங்கிவிடும். அந்த விவாதம் நியாயமானது என்றாலும் அதற்கு இது இடமன்று. ஓ.என்.ஜி.சி. ஆண்டுக்கு 48,000 ரூபாய் வீதம் நாடு முழுவதும் 2,000 மாணவர்களுக்கு வழங்குகிறது. இவற்றில் 1,000 இடங்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், 500 இடங்கள் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும், 500 இடங்கள் பொதுப் பிரிவினருக்கும் உரியவை. பாதி இடங்கள் பெண்களுக்கு. முதலாம் ஆண்டில் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இளநிலைப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலும், முதுநிலைப் படிப்புக்குப் பட்டப்படிப்பிலும் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமான வரம்பு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 4.5 லட்சம், மற்றவர்களுக்கு 2 லட்சம்.

இது எரிசக்தித் துறைக்கான உதவித்தொகை என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் இடங்கள் பிரிக்கப்பட்டுள்ள விதத்தைக் கவனிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1,000 இடங்களில் 494 பொறியியலுக்கும், 270 முதுநிலை நிலவியல், புவி இயற்பியலுக்கும், 146 மேலாண்மைக்கும், 90 மருத்துவத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பொறியியல் என்றால் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் இருக்கலாம். மென்பொருள் வேலைக்குப் போகவிருக்கும் கணினிப் பொறியியல் மாணவியும் இதைப் பெறலாம். பெட்ரோலியப் பொறியியல் படிப்பவருக்கு இதில் எந்த முன்னுரிமையும் இல்லை. படிப்பை முடித்தபின் நிறுவனத்தில் வேலை என்ற உறுதியும் கிடையாது, வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. துறையோடு உண்மையான தொடர்புள்ள பகுதி எது என்றால், அந்த 270 இடங்கள்தாம். எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடும் வேலைக்கு நிலவியலும் புவி இயற்பியலும்தான் அடிப்படை. அப்படியிருந்தும் அந்தப் பாடங்களில் எம்.எஸ்சி. சேரும் மாணவர்கள் இதைப் பொறியியல் மாணவர்களுக்கான ஒன்று என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பொறியியலுக்கு விண்ணப்பிப்போரின் வரிசையோடு ஒப்பிட்டால் அவர்களின் வரிசை மிகவும் குட்டையானது.

இதற்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டியது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வழங்கும் பிரகதி உதவித்தொகை. இது பெண்களுக்கு மட்டும் உரியது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். பட்டப்படிப்புக்கு 5,000 இடங்கள், பட்டயப்படிப்புக்கு 5,000 இடங்கள். முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களும், பட்டயப்படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஓ.என்.ஜி.சி. தருவது 1,92,000 ரூபாய், பிரகதி தருவது 2,00,000 ரூபாய். எட்டாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக யாரும் எதையும் முடிவு செய்யப் போவதில்லை. முடிவு செய்வது வருமான வரம்புதான். ஆண்டுக்கு 3 லட்சம் வருமானம் உள்ள பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பத்தின் பெண்ணுக்கு ஓ.என்.ஜி.சி. கிடைக்காது, பிரகதிக்கு அவர் தகுதியானவர். அதே வீட்டின் பையனுக்கு இரண்டுமே இல்லை. இரண்டு திட்டங்களின் இடைவெளியில் விழுவது இந்த நடுத்தர வருமானப் பையன்கள்தாம் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். அவர்களுக்கான வாய்ப்பு பட்டம் முடிந்த பிறகே வருகிறது.

பட்டியல் சாதி மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஓ.என்.ஜி.சி. விண்ணப்பத்தில், மாணவர் வேறு உதவித்தொகை எதுவும் பெறவில்லை என்று கல்லூரி சான்றளிக்க வேண்டும். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் கட்டாயக் கல்விக் கட்டணத்தையே ஏற்றுக்கொள்வதோடு படிப்புப் படியும் தருகிறது. தனியார் கல்லூரியில் கட்டணம் 48,000 ரூபாயைத் தாண்டும் நிலையில், பெரிய நிறுவனத்தின் பெயருக்காக அதைக் கைவிடுவது நட்டம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களின் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசே செலுத்துவதால் அவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எனவே, ஓ.என்.ஜி.சி. திட்டம் மிகவும் பயன்படுவது, பட்டியல் சாதி, பழங்குடியினரில் வருமானம் 2.5 லட்சத்துக்கு மேலும் 4.5 லட்சத்துக்குக் கீழும் உள்ள குடும்பங்களுக்குத்தான் என்பது என் கணிப்பு.

முதுநிலைக் கட்டத்தில் சாதியும் வருமானமும் பின்னுக்குப் போய், பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வான கேட் முன்னுக்கு வருகிறது. செல்லத்தக்க கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் எம்.இ. அல்லது எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய், அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எரிசக்திப் பொறியியல் எம்.இ. போன்ற படிப்புகளைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இதுவே முதல் ஆதாரம். மொத்தம் 2,97,600 ரூபாய். இதன் சிறப்பு தொகையில் இல்லை. தகுதியோடு சேர்ந்துவிட்டால் போதும், மறுபடி யாரோடும் போட்டியிட வேண்டியதில்லை என்பதில்தான் இருக்கிறது. வருமானச் சான்றும் வேண்டாம். அதே கேட் மதிப்பெண்ணை வைத்து என்.டி.பி.சி., பவர்கிரிட், அணுமின் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதால், ஒரே தேர்வுக்குப் படித்த உழைப்பு இரண்டு வழிகளில் பலன் தருகிறது.

இதற்குப் போட்டியாக ரிலையன்ஸ் அறக்கட்டளையின் முதுநிலை உதவித்தொகை நிற்கிறது. படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 6 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் நாடு முழுவதும் 100 பேருக்கு மட்டுமே. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, மின் பொறியியல், வேதிப் பொறியியல், பொருள் அறிவியல் உள்ளிட்ட சில துறைகளின் முதலாம் ஆண்டு முதுநிலை மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். கேட் தேர்வில் 550 முதல் 1,000 வரையான புள்ளி வேண்டும். கேட் எழுதாதவர்களுக்கு இளநிலையில் பத்துக்கு 7.5 என்ற தர சராசரி போதும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: கேட் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று வரும் மதிப்பெண் வேறு, ஆயிரத்துக்கு இத்தனை என்று வரும் புள்ளி வேறு. நூற்றுக்கு 45 எடுத்தவர் தனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிவிடக் கூடாது, ஆயிரத்துக்கான புள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு லட்சத்தையும் மூன்று லட்சத்தையும் அருகருகே வைத்தால் முதலாவது பெரிதாகத் தெரிவது இயல்பு. ஆனால் ஒன்று தகுதிக்கு உரிய உரிமை, மற்றொன்று கட்டுரைகளும் நேர்காணலும் கடந்து வெல்ல வேண்டிய போட்டி. குடும்பத்தின் வரவுசெலவை 12,400 ரூபாயை நம்பித் திட்டமிடலாம். ஆறு லட்சத்தை நம்பித் திட்டமிடக் கூடாது. விண்ணப்பிப்பதில் மட்டும் தயக்கம் வேண்டாம். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைத் தனித் துறையாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் பெரிய தனியார் உதவித்தொகை என்ற வகையில், சூரிய ஒளி, மின்கலம், ஹைட்ரஜன் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஓ.என்.ஜி.சி.யைவிட இதுவே துறை சார்ந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வளர்ந்த ஒரு குழுமத்தின் அறக்கட்டளை அதைச் செய்கிறது என்பது காலத்தின் போக்கைக் காட்டுகிறது.

அடுத்தது, உதவித்தொகைப் பட்டியல்கள் பலவற்றில் இடம்பெறாத ஒன்று. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957-இல் தொடங்கியது. பொறியியல் பட்டதாரிகளும் அறிவியல் முதுநிலைப் பட்டதாரிகளும் கேட் புள்ளி அல்லது மையம் நடத்தும் தேர்வு, அதன்பின் நேர்காணல் என்ற வழியில் இங்கு சேர்கிறார்கள். ஓராண்டுப் பயிற்சி ஒரு வகை. அணுசக்தித் துறையின் செலவில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களில் இரண்டாண்டு எம்.டெக். படிப்பது மற்றொரு வகை. ஓராண்டுப் பயிற்சி மும்பையின் ட்ராம்பேயில் மட்டுமன்றிக் கல்பாக்கத்திலும் நடக்கிறது. பயிற்சிக் காலத்தில் தரப்படும் தொகை மாதம் 55,000 ரூபாய்க்குக் குறைவதில்லை. அதாவது ஓராண்டுப் பயிற்சியிலேயே 6,60,000 ரூபாய். மேலே சொன்ன எந்த உதவித்தொகையின் மொத்தத்தையும்விட அதிகம். முடித்தவர்கள் 'அறிவியல் அதிகாரி சி' என்ற பதவியில், 56,100 ரூபாய் அடிப்படை ஊதிய நிலையில் பணியில் அமர்கிறார்கள்.

பதிலுக்கு அது கேட்பது, குறைந்தது மூன்று ஆண்டுகள் அணுசக்தித் துறையில் பணியாற்றுவதாக எழுதித் தரும் ஒப்பந்தப் பத்திரம். இதைச் சுமை என்று பார்ப்பதா, வாய்ப்பு என்று பார்ப்பதா என்பது மாணவரின் நோக்கத்தைப் பொறுத்தது. அணு உலைப் பொறியியலில் விருப்பமுள்ளவருக்கு, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை (தான் எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாக உருவாக்கும் அணு உலை) போன்ற ஒரு திட்டத்தின் அருகிலிருந்து கற்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. மூன்று ஆண்டுகள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. காற்றாலை வடிவமைப்பு செய்ய வேண்டும், அல்லது இரண்டு ஆண்டுகளில் வெளிநாடு போக வேண்டும் என்று நினைப்பவர், மாதச் சம்பளம் போன்ற தொகையைக் கண்டு கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் விலக வழி தேடுவது இருதரப்புக்கும் நல்லதல்ல. பொதுப் பிரிவினருக்கு 26 என்ற வயது வரம்பும் இருப்பதால், வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தள்ளிப்போடவும் அதிக இடமில்லை.

வெளிநாட்டு வாய்ப்புகளில் இரண்டை மட்டும் ஒப்பிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் எரிசக்தி சார்ந்தவையும் உண்டு. தேர்வானவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ 24 மாதங்கள் வரை கிடைக்கும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கென நடத்தும் முதுநிலை உதவித்தொகையில் மாதம் 992 யூரோ. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1987 முதல் நடத்திவரும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் படிப்பு இந்த வகையில் நெடுநாள் பெயர் பெற்றது. இங்கும் தொகையைவிட நேரமே முக்கியம். டாட் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கட்டாயம். பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எராஸ்மஸ் திட்டம் அத்தகைய அனுபவத்தைக் கேட்பதில்லை. ஆகவே இறுதியாண்டு மாணவர் எராஸ்மஸுக்கும், ஒரு சூரிய மின் நிறுவனத்திலோ மின் பகிர்மானக் கழகத்திலோ சில ஆண்டுகள் பணிபுரிந்தவர் டாட் அமைப்புக்கும் முயல்வதே பொருத்தம். அனுபவமுள்ளவர்கள் எராஸ்மஸில் இளையவர்களோடு போட்டியிட்டுச் சோர்வதைவிட, தங்கள் அனுபவத்துக்கே மதிப்பளிக்கும் இடத்தில் முயலலாம்.

இளநிலைத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் முன் சான்றிதழ்களில் ஒரு தமிழ்நாட்டுச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் வைத்திருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மாநிலப் பட்டியலின் படியானது. மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேறு படிவத்தில், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்ற குறிப்போடு இருக்க வேண்டும். அதை இ-சேவை மையத்தின் வழியாகத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். வருமானச் சான்றும் அந்தந்த ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். கலந்தாய்வு முடிந்து கல்லூரி தொடங்கியபின் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதைவிட, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிரகதி போன்றவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யும்போது, ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு மாணவியின் பெயரிலேயே இருக்க வேண்டும். தந்தையின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் வந்து சேராது.