லண்டனின் மூன்று பழைய பப்கள்: எங்கே உட்காரலாம், எதைக் குடிக்கலாம்

லண்டனின் பழைய பப்களுக்குப் போகிறவர்கள் பலர் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, கிடைத்த மூலையில் நின்று குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரே பப்பிலேயே அறைக்கு அறை வித்தியாசம் உண்டு. எந்த அறை, எந்த நேரம் என்பதைப் பொறுத்துதான் போனதற்குப் பலன்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் ஹை ஹோல்பர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸுக்குப் போங்கள். கட்டடம் 1872-ஐச் சேர்ந்தது. உள்வேலைப்பாடு 1891-இல் செய்தது. நடுவில் பார் கவுண்டர், அதைச் சுற்றி மரத்தடுப்பும் பூவேலைக் கண்ணாடியுமாகச் சின்னச் சின்ன அறைகள். சுவரெல்லாம் வண்ண ஓடுகள். இப்படிப்பட்ட தடுப்புகளைப் பிற்காலத்தில் ஊரெங்கும் பிடுங்கிப் போட்டு ஒரே கூடமாக்கினார்கள். இங்கும் அதுதான் நடந்தது. 2007 சீரமைப்பில் பழையபடி தடுப்புகளைத் திரும்ப வைத்தது பெரிய காரியம். ஆண்கள் கழிப்பறையின் பளிங்கு வேலைப்பாட்டையும் பார்க்கத் தவறாதீர்கள். அலுவலகம் விட்டதும் நிற்கக்கூட இடம் இருக்காது. பிற்பகல் மூன்று மணி வாக்கில் போனால் தடுப்பறை ஒன்று கிடைக்க நல்ல வாய்ப்பு. சாமுவேல் ஸ்மித் நிறுவனத்தின் பப் இது. அவர்கள் பியர் மட்டும்தான் கிடைக்கும்.

அதே நிறுவனத்தின் இன்னொரு பப், ஃப்ளீட் தெருவின் யி ஓல்ட் செஷயர் சீஸ். வாசல் பெரிய தெருவில் இல்லை; வைன் ஆபீஸ் கோர்ட் என்ற சந்துக்குள் திரும்ப வேண்டும். 1666 பெருந்தீக்குப் பிறகு, 1667-இல் மறுபடி கட்டியது. நுழைந்ததும் வரும் சின்ன பார் அறைதான் உயிர். குளிர்காலத்தில் கணப்பு எரியும். நிலவறைகளுக்குப் படி குறுகல், கூரை தாழ்வு. பெட்டி படுக்கையோடு போகாதீர்கள்.

சதர்க்கில் உள்ள ஜார்ஜ் இன் 1677-இல் மறுபடி எழுந்த வண்டிச் சத்திரம். முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களில் ஒரு பக்கம்தான் மிச்சம். மற்றவற்றை ரயில்வேக்காக இடித்துவிட்டார்கள். மேல்மாடத்தோடு லண்டனில் தப்பிய ஒரே சத்திரம் இதுதான். வெயில் நாளில் எல்லோரும் முற்றத்தில் இருப்பார்கள்; அப்போது உள்ளே போய் உட்காருங்கள்.

இனி பியர். கைப்பம்பில் இழுத்துத் தரும் கேஸ்க் ஏல் வாங்குங்கள். பீப்பாய்க்குள்ளேயே நொதித்து முடிவது அது; 11 முதல் 13 டிகிரியில் தருவார்கள். நம்மூர் ஐஸ் பியரை எதிர்பார்த்துவிட்டு 'சூடாக இருக்கிறது' என்று குறை சொல்வது நியாயமில்லை. பீப்பாய் திறந்ததும் காற்று புகுந்துவிடும்; மூன்று நாளுக்குள் தீர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் காடி வாடை அடிக்கும். அதனால் வியாபாரம் மந்தமான கடையில் ஆறு பம்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். புளித்திருந்தால் பாதி குடிப்பதற்கு முன்பே கவுண்டரில் சொல்லுங்கள், நல்ல கடையில் மாற்றித் தருவார்கள். ஒரு பைன்ட் 568 மில்லி. நுரை அதிகமென்றால் நிரப்பித் தரச் சொல்லலாம்.

கவுண்டரில் வரிசை இருக்காது. யார் முதலில் வந்தார் என்பதை ஊழியர் கவனித்துக்கொள்வார். வாங்கும்போதே பணம் கொடுத்துவிட வேண்டும்.

சைவம் பார்ப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேஸ்க் ஏலைத் தெளியவைக்க மரபாகச் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை.